ஆறாம் நிலையில் தொங்கும் செடி

அவர்களுக்குத் திருமணமாகி முப்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் அந்த வீட்டில் எழுந்த சண்டைகள் பெரும்பாலும் அன்றன்றைக்கே ஆறிப்போயின. ஒன்று மட்டும் ஆறவில்லை. முதன்முதலில் பார்த்துக்கொண்டபோது முதலில் சிரித்தது யார் என்பதே அது.

மனைவி அப்போது ஒரு துணி ஆலையின் டிசைன் பிரிவில் வேலை பார்த்துவந்தார். பூவோ மாங்காயோ மயிலோ, துணியில் எது வரவேண்டுமென்றாலும் முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்பியாக வேண்டும். அதுதான் அவர் வேலை. எந்நேரமும் கட்டத்தாளும் கையுமாகவே இருந்ததால், கட்டம் அக்கா என்று உடன் வேலை செய்தவர்கள் கூப்பிடத் தொடங்கி, நாளடைவில் அது கட்டக்கா ஆயிற்று. வயது அப்போது இருபத்து நான்குதான். அவரைவிட மூத்தவர்களும் அவரைக் கட்டக்கா என்றே அழைத்தார்கள்.

ஒரு நாள் முற்பகலில் தாள் சுருள்களை அணைத்துக்கொண்டு ஆலையின் சரக்கு லிஃப்ட்டில் ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளே வேறு யாரும் இல்லை. மங்கலாக ஒரு விளக்கு. தட்டினார், கூப்பிட்டார், தறிகளின் இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை. நாற்பது நிமிடங்கள் கழிந்தன. இனி அழுதுவிடுவார் என்ற வேளையில், தலைக்கு மேல் இருந்த சதுர மூடி கிரீச்சென்று திறந்தது. அதன் வழியே ஒரு தலை கீழே தொங்கியது. நெற்றி கீழே, மோவாய் மேலே. அந்த முகம் அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது. அழ இருந்தவர் சிரித்துவிட்டார்.

"பயப்படாதீங்க. அஞ்சு நிமிஷம்," என்றது அந்த முகம்.

அவர்தான் லிஃப்ட் மெக்கானிக். அடுத்த ஆண்டு இருவருக்கும் திருமணம் ஆனது.

மெக்கானிக் சொல்லும் கதை வேறு. மூடியைத் தூக்கும்போது அது நழுவி அவருடைய இடது கட்டை விரலின் மேல் விழுந்ததாம். வலி உயிர் போனதாம். அந்த வலியோடு தலையை உள்ளே விட்டுப் பார்த்தால், கீழே ஒரு பெண் பல் தெரியாமல் அழகாகச் சிரித்துக்கொண்டு நின்றாளாம். அதைப் பார்த்த பிறகுதான் தமக்கும் சிரிப்பு வந்ததாம்.

"மாட்டிக்கிட்ட லிஃப்ட்ல சிரிச்சுக்கிட்டு நின்ன ஒரே ஆள் நீதான்," என்பார்.

"நான் எங்கங்க சிரிச்சேன்? அழற நெலமையில இருந்தேன். நீங்க சிரிச்சீங்க. சரி, மனுஷன் சிரிக்கிறாரேன்னு நானும் சிரிச்சேன்."

"வெரல் நசுங்கினவன் சிரிப்பானா?"

"சிரிச்சீங்களே!"

இந்த இடத்தில் மெக்கானிக்கின் தங்கை குறுக்கே வருவார். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் செயற்கைப் பற்கள் செய்கிறவர், அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். "அண்ணி, உங்க ரெண்டு பேரையும் சாட்சி இல்லாம அந்த லிஃப்ட்ல விட்டதுதான் தப்பு. இனிமே என்ன பண்றது, வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க," என்பார்.

முதலில் சிரித்தது தாம்தான் என்று மெக்கானிக்கால் ஏன் ஒப்புக்கொள்ள முடியவில்லை என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. அவர் முகத்தின் அமைப்பே அப்படி. புருவம் இரண்டும் மூக்கை நோக்கிச் சரிந்திருக்கும். வாயின் இரு முனைகளும் கீழ்நோக்கி இறங்கியிருக்கும். வேலையில் மும்முரமானால் இன்னும் இறங்கும். வேலையிடத்தில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். உண்மையில் அவருக்குக் கோபமே வராது. கட்டக்காவுக்கு அது தெரிய மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை, குழம்பில் உப்புக் கூடிவிட்டதோ, தம் பேச்சு பிடிக்கவில்லையோ என்று தினமும் அஞ்சினார். பிறகு ஒரு நாள், சட்டைப் பொத்தானைத் தாமே தைத்துக்கொண்டிருந்தவர் அதே முறைப்போடு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பதைப் பார்த்தார். அன்றோடு அச்சம் போயிற்று.

திருமணமாகி ஆறு ஆண்டுகள் சென்ற பிறகு ஆலை தன் டிசைன் பிரிவை வேறோர் ஊருக்கு மாற்றியது. கட்டக்கா போகவில்லை. சில மாதங்கள் வீட்டில் இருந்தார். அப்போது, ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இயங்கிவந்த சிறு நிறுவனம், கட்டம் நிரப்பத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு விளம்பரம் செய்திருந்தது. ஏதோ துணிக் கடை என்று எண்ணித்தான் போனார். அங்கே எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள்.

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டு அது. குள்ளமான ஒரு விளக்குக்காரன் இடமிருந்து வலமாக ஓடுவான், பள்ளங்களைத் தாண்டுவான், ஏறி இறங்கும் பலகைகளின் மேல் குதிப்பான், வழியில் வரும் எதிரிகளிடமிருந்து தப்பிப்பான். மொத்தம் எட்டு நிலைகள். ஓர் ஓவியர் எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்து தருவார். கட்டக்கா அதைப் பதினாறுக்குப் பதினாறு கட்டங்களுக்குள் அடக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த நிறம் என்று எண்ணாக எழுதித் தருவார். அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர், வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருக்கும் ஓர் இளைஞர். அவரை எல்லோரும் முனகல் என்றே அழைத்தார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

"ஆலையில மயிலைக் கட்டத்துல அடைச்சேன்; இங்க பூச்சியை அடைக்கிறேன். வேற ஒண்ணும் வித்தியாசம் இல்ல," என்று கட்டக்கா வீட்டில் சொன்னார்.

நான்கு மாதங்கள் ஆயின. கல்லெறியும் பூச்சி, உருளும் பாறை, கத்தரிக்கோல் நண்டு என்று எதிரிகள் எல்லோரும் கட்டங்களுக்குள் குடியேறினார்கள். அந்நேரம் ஓவியர் காய்ச்சலில் படுத்தார். இன்னும் ஓர் எதிரி பாக்கி. "ஒரு செடி வேணும். பூத்தொட்டியில இருந்து தலையைத் தூக்கி வெதை துப்புற மாதிரி. நீங்களே வரைஞ்சிடுங்களேன்," என்றார் முதலாளி. பிறர் வரைந்ததை நிரப்பியே பழகிய கட்டக்காவுக்கு முதன்முதலாகத் தமக்கென்று ஒரு வெற்றுத்தாள் கிடைத்தது.

அன்று காலையில்தான், சன்னல் கொக்கி ஒன்றைச் சரி செய்வது பற்றி வீட்டில் சிறு வாக்குவாதம் நடந்திருந்தது. மெக்கானிக் கொக்கியை முறைத்தபடி நின்ற தோற்றம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. நான்கு வரிசையில் தொட்டி, மூன்று வரிசையில் தண்டு, மீதி ஒன்பது வரிசையில் தலை. தலைக்குள் இரண்டு கண்கள். கண்களுக்கு மேலே மூக்கை நோக்கிச் சரிந்த இரண்டு புருவங்கள். கீழே, முனைகள் இறங்கிய வாய். வரைந்து முடித்துத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கணவரே பச்சை நிறத்தில் தொட்டிக்குள் நின்று முறைத்தார். பிறகு கட்டங்களை எண்களாக எழுதி, எண்கள் இருந்த தாளை மட்டும் கிழித்து முனகலிடம் கொடுத்தார்.

பிழை அங்கேதான் நேர்ந்தது. ஆலையில் கட்டத்தாளின் முதல் வரிசை என்பது அடி வரிசை. தறியில் துணி அடியிலிருந்துதானே வளர்கிறது. குறுக்கே முதலில் ஓடும் ஊடை இழை எதுவோ அதுவே முதல் வரிசை. ஓவியர் தந்த படங்களில் அவரே மேலிருந்து கீழாக வரிசை எண்களைக் குறித்துத் தந்ததால் அதுவரை தவறு நேரவில்லை. இது கட்டக்காவின் சொந்தச் செடி. கை தன் பழைய வழக்கப்படி அடியிலிருந்து தொடங்கியது. முனகல் அதை மேலிருந்து ஏற்றினார்.

மறுநாள் திரையைச் சுற்றி எல்லோரும் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி மேலே ஒட்டிக்கொண்டிருந்தது, தண்டு கீழ்நோக்கி இறங்கியது, தலை தொங்கியது. இறங்கியிருந்த வாய் முனைகள் இப்போது ஏறியிருந்தன. சரிந்த புருவங்கள், சிரிக்கும்போது உப்பும் கன்னங்களைப் போலக் கண்களுக்குக் கீழே வந்துவிட்டன. தலைகீழாகத் தொங்கிய அந்தச் செடி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது.

கட்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். ஆலை லிஃப்ட்டின் கூரை வழியே அன்று தொங்கிய முகம் இதுதான். தாம் கண்டது பொய்யில்லை. கணவர் சொன்னதும் பொய்யில்லை.

"அக்கா, திருப்பிப் போட புரோகிராம்ல ஒரு வரி போதும். திருப்பிடவா?" என்று முனகல் கேட்டார்.

"வேணாம்ப்பா. இப்படியே இருக்கட்டும்."

"எதிரி அக்கா இது. சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

முதலாளி அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. தலைகீழ்ச் செடி தொங்குவதற்குக் கூரை வேண்டும். விளையாட்டு முழுவதும் திறந்த வானம். ஆறாம் நிலையில் வரும் சுரங்கம் ஒன்றில்தான் கூரை உண்டு. அதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் தொங்கவிடும் அளவுக்கு உயரம் இருந்தது. "ஆட்டம் பூரா நடக்கிற பூச்சிக்கு எவ்வளவு எடமோ, ஒரே ஒரு தடவை வர்ற இதுக்கும் சிப்புல அவ்வளவு எடம் போகும். ஏற்கெனவே எடம் இல்லாம முழி பிதுங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள எடம் கண்டுபிடிச்சா வச்சுக்கோங்க. இல்லைன்னா திருப்பிப் போடுங்க, அதுவும் வேணாம்னா எடுத்துடுங்க," என்றார்.

அன்று திங்கட்கிழமை. கட்டக்கா அதுவரை வரைந்த தாள்களையெல்லாம் மேசைமேல் பரப்பினார். இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றேபோல் இருக்கும் பூவை ஆலையில் ஒருபோதும் முழுதாக வரையமாட்டார்கள். பாதியை வரைந்தால், மறுபாதியைத் தறி தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். இங்கே தூண், கோட்டை வாசல், கல்விளக்கு எல்லாமே முழுதாக ஏற்றப்பட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பாதியாக்கினார். மறுபாதியைத் திருப்பிப் போடும் வேலையை முனகல் முனகிக்கொண்டே எழுதிச் சேர்த்தார். வியாழக்கிழமை மாலையில் நான்கு செடிகளுக்குப் போதுமான இடம் கிடைத்தது.

"நாலு செடிக்கு எடம் இருக்கு. இன்னும் மூணு வேற செடி வரைஞ்சு தரையில வச்சுக்கலாமே?" என்றார் முதலாளி, இப்போது குரல் இறங்கி.

"ஒண்ணு போதுங்க," என்றார் கட்டக்கா.

விளையாட்டு வெளிவந்ததும் நிறுவனத்தில் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். கட்டக்கா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சியில் இணைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "ஆறாவது லெவல்ல உங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்."

"என்னது?"

"நீங்களே போய்ப் பாருங்க."

படமாக வரைந்து காட்டியிருக்கலாம். தாளைத் திருப்பிப் பிடித்து ஒரு நொடியில் விளக்கியிருக்கலாம். ஆனால் விளக்கம் கேட்டு ஒப்புக்கொள்கிறவர் அல்லர் அவர். அதைவிட, தாம் அன்று நின்ற இடத்தில் அவரும் ஒரு முறை நிற்க வேண்டும் என்பதே கட்டக்காவின் ஆசை. இருட்டில், களைத்து, அடுத்து என்ன ஆகுமோ என்று அஞ்சி நிற்கும்போது மேலிருந்து அந்த முகம் இறங்க வேண்டும். அப்போதுதான் புரியும்.

மெக்கானிக் உட்கார்ந்தார். மூன்றாம் நிலையைத் தாண்ட அவரால் முடியவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். மூடி விழுந்த இடது கட்டை விரல் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. விளையாட்டின் கைப்பிடியில், விளக்குக்காரனை ஓடவைக்கும் பொத்தான்கள் இடது கட்டை விரலுக்கு உரியவை. அது சிறிய காரணம். பெரிய காரணம், மூன்றாம் நிலையில் ஏறி இறங்கும் பலகைகள். பலகை வந்ததும் குதிக்க வேண்டும். அவர் குதிக்கமாட்டார், அது நிற்கட்டும் என்று காத்திருப்பார். அது நிற்காது. நேரம் முடிந்துவிடும்.

"குதிங்க, குதிங்க!" என்று தங்கை கத்துவார்.

"ஓடுற லிஃப்ட்ல கால் வைக்கக் கூடாது."

"இது லிஃப்ட் இல்ல அண்ணே, வெளையாட்டு!"

"வெளையாட்டா இருந்தா? பழகினா நாளைக்கு வேலையிலயும் வச்சிடுவேன்."

தங்கை ஒரே வாரத்தில் எட்டு நிலைகளையும் முடித்துவிட்டார். ஆறாம் நிலையின் சுரங்கத்தைக் கடந்த அன்று, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்து அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொல்லிடாதே," என்றார் கட்டக்கா. தங்கை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், "உங்களுக்காக அங்க ஒருத்தர் ரொம்ப நாளா தொங்கிட்டு இருக்கார்," என்று சீண்டாமல் இருந்ததில்லை. "நான் முடிச்சுத் தரவா?" என்று கேட்டால், "கையை வச்சே, அண்ணன் தங்கைன்னு பார்க்கமாட்டேன்," என்பார் மெக்கானிக்.

இரண்டு ஆண்டுகள் அவ்வப்போது முயன்றார். பிறகு வேலை கூடிற்று. உயரமான கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் லிஃப்ட்டுகளும் பெருகின. விளையாட்டுப் பெட்டி பழைய போர்வை ஒன்றில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போயிற்று. நிறுவனம் மூடப்பட்டது. கட்டக்கா ஓர் அச்சகத்தில் சேர்ந்து, அட்டைப் பெட்டிகளுக்கு வடிவம் வரைந்து ஓய்வு பெற்றார். சிரிப்புக்கு அந்த வீட்டில் குறைவில்லை. ஆனாலும் முதலில் சிரித்தது யார் என்ற வழக்கு மட்டும் தீர்ப்பில்லாமல் கிடந்தது. மனத்தாங்கல் வந்த நாட்களில் அது வேடிக்கையாக இல்லாமலும் போனதுண்டு. "அன்னிக்குச் சிரிச்சதையே ஒப்புக்காத மனுஷன், வேற எதைத்தான் ஒப்புக்கப் போறார்?" என்று கட்டக்கா ஒரு முறை சொன்னார். மெக்கானிக் எழுந்து வெளியே போய் நடந்துவிட்டு வந்தார்.

இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, தங்கை செல்பேசியோடு படியேறி வந்தார். பழைய விளையாட்டுகளைச் சேகரிப்பவர்கள் எழுதும் பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டிருந்தது. "அண்ணி, உங்க செடியைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க! ஆட்டத்துலயே ரொம்ப அபூர்வமான எதிரியாம். ஒரே ஒரு தடவை வருமாம். ஏன் தலைகீழா தொங்குது, ஏன் சிரிக்குதுன்னு பெரிய சண்டையே நடக்குது. ஒருத்தர் இதுல தத்துவம் இருக்குங்கறார். இன்னொருத்தர், சிப்புல பழுதுங்கறார்."

"பழுதா?" என்றார் கட்டக்கா.

"அதைவிடக் கேளுங்க. இப்ப யாரோ அந்த ஆட்டத்தை வாங்கிப் புதுசா போட்டிருக்காங்களாம். அதுல பழுதைச் சரி பண்ணிட்டாங்களாம்." படத்தைக் காட்டினார்.

புதுப் பதிப்பில் செடி நேராக நின்றது. தொட்டி தரையில், தலை மேலே. புருவம் சரிந்து, வாய் இறங்கி, ஒன்பது வரிசையும் முறைத்தது.

அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மெக்கானிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நான்தானே?"

"ஆமா," என்றார் கட்டக்கா.

"என்னைத்தான் வச்சியா?" அவர் குரலில் வியப்பும் மகிழ்ச்சியும் சமமாக இருந்தன. அடுத்த நொடியே நிமிர்ந்தார். "மொறைச்சிட்டுத்தானே இருக்கேன்! உன் கையாலயே வரைஞ்சிருக்க. நான் எங்க சிரிச்சேன்? முப்பத்தாறு வருஷக் கேஸு முடிஞ்சுது."

"அது அவங்க திருத்தினது. நான் வச்சது வேற."

"எப்படி வேற?"

கட்டக்கா படத்திலிருந்து கண்ணை எடுத்தார். தம் செடி திருத்தப்பட்டுவிட்டது என்பதைவிட, அந்தத் திருத்தமே கணவருக்குச் சாட்சியாகிவிட்டது என்பது அவரை வாட்டியது. அதைத் தங்கை கவனித்தார். "பழைய படமும் இதுலயே இருக்கு. காட்டவா அண்ணே?" என்றார்.

மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு செல்பேசியைக் கையால் மறைத்தார். "வேணாம். எனக்குன்னு அங்க வச்சிருக்கா. நான் போய்த்தான் பார்க்கணும். அந்தப் பெட்டியை எறக்கு."

போர்வையைப் பிரித்தபோது பெட்டி மஞ்சள் பாரித்திருந்தது. புதிய தொலைக்காட்சியோடு அதை இணைக்கத் தங்கை ஒரு கம்பி வாங்கிவந்தார். மறுநாள் முதல் தினமும் காலைப் பத்து மணிக்கு மெக்கானிக் அதன்முன் உட்கார்ந்தார். கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு, மடங்காத கட்டை விரலை ஒதுக்கிவிட்டு, ஆட்காட்டி விரலால் பொத்தான்களை அழுத்தக் கற்றார். வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஒரு பராமரிப்புக் குறிப்பேடு வைத்திருப்பார். பார்த்த நாள், பார்த்த உறுப்பு, கண்ட பழுது என்று மூன்று பத்திகள் அதில் இருக்கும். அப்படியொரு குறிப்பேட்டை இதற்கும் தொடங்கினார்.

மூன்றாம் நிலையில் இம்முறை அவர் குதிக்க முயலவே இல்லை. பத்து நாட்கள் பலகைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்து விளக்குக்காரன் செத்துச் செத்து விழுந்தான். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"என்ன அண்ணே, படம் பார்க்கிறீங்களா?"

"பேசாம இரு. இது நிக்குது."

"எது?"

"பலகை. மேல போய்த் திரும்புது பாரு, அந்த எடத்துல ஒரு கணம் நிக்குது. நிக்காம எதுவும் திரும்ப முடியாது. முப்பது வருஷமா நான் கீழயே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

விளக்குக்காரன் மேட்டின் மேல் நின்று காத்தான். பலகை மேலே வந்து, நின்று, திரும்பும் அந்த ஒரு கணத்தில் அவனை நடக்கவிட்டார். குதிக்கக்கூட இல்லை. நின்ற லிஃப்ட்டில் கால் வைப்பதுபோல அவன் பதனமாக ஏறினான். குறிப்பேட்டில் அன்று எழுதினார்: மூன்றாம் நிலை. நான்கு பலகைகள். நான்கும் நிற்கின்றன.

நான்காம் நிலைக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஐந்தாம் நிலைக்கு ஐந்து வாரங்கள். அந்தப் பெட்டியில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. தினமும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். கட்டக்கா பக்கத்தில் உட்காரமாட்டார். அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு முறை விளக்குக்காரன் விழும் ஓசை கேட்கும்போதும் அவருடைய கை ஒரு கணம் நின்று பிறகு வேலையைத் தொடரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அந்த ஓசை வெகுநேரமாகக் கேட்கவில்லை. கட்டக்கா உலர்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். திரையில் வானம் இல்லை. செங்கல் சுவர், இருட்டு. பாட்டும் தாழ்ந்து, துளி சொட்டும் ஒலி மட்டும் கேட்டது. ஆறாம் நிலையின் சுரங்கம். மேலே மூலையில், மீதமிருக்கும் உயிர் ஒன்று என்று காட்டியது.

மெக்கானிக் மூச்சை அடக்கியபடி விளக்குக்காரனை ஓரடி ஓரடியாக நகர்த்தினார். "இங்க ஏதோ வரப்போகுது," என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கட்டக்கா தொலைக்காட்சியின் அருகில், துணிகளை மார்போடு அணைத்தபடி நின்றுவிட்டார்.

கூரையில் ஒரு தொட்டி தென்பட்டது. அதிலிருந்து தண்டு இறங்கியது. தண்டின் முனையில் ஒரு தலை.

லிஃப்ட் வேலையில் முதலில் கற்றுத்தருவது அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத்தான். மெக்கானிக்கின் விரல் தானாகவே கைப்பிடியின் நிறுத்தப் பொத்தானுக்குப் போயிற்று. ஆட்டம் அப்படியே உறைந்து நின்றது. விளக்குக்காரன் கீழே அண்ணாந்து நின்றான். செடி மேலிருந்து அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் திரையை நோக்கிக் குனிந்தார்.

"சிரிக்குதே," என்றார் அவர்.

"ம்."

"நீ மொறைக்கிற மாதிரிதானே வரைஞ்ச?"

"அப்படித்தான் வரைஞ்சேன். வரிசையைக் கீழ இருந்து எழுதிட்டேன், தலைகீழா போயிடுச்சு. பார்த்தா, அன்னிக்கு லிஃப்ட்ல நான் பார்த்த அதே மூஞ்சி."

அவர் கைப்பிடியைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கூடத்திலேயே கிடந்த கட்டிலின் குறுக்கே மல்லாந்து படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார்.

"ஐயோ, கழுத்து சுளுக்கிக்கும்! என்னங்க இது, இந்த வயசுல?"

"லிஃப்ட் ஓட்டையில தலையை விட்டவன், கட்டில்ல விடமாட்டேனா? இரு." தலைகீழாகத் திரையைப் பார்த்தார். "இப்ப மொறைக்குது. அப்ப நான் சொன்னதும் சரி. நீ சொன்னதும் சரிதான். எல்லாம் பார்க்கிற எடத்துல இருக்கு." சொல்லிக்கொண்டே கண்களை மனைவியின் பக்கம் திருப்பினார். உடனே கையை நீட்டிக் கூவினார்: "இதோ! இதோ இப்பச் சிரிக்கிற பாரு! இதே சிரிப்புதான் அன்னிக்கும் சிரிச்ச! பல்லுத் தெரியாம!"

"நான் சிரிக்கலைங்க," என்றார் கட்டக்கா.

அந்தக் குரல் அவரைச் சட்டென்று எழுந்து உட்காரவைத்தது. தலையில் ஏறியிருந்த ரத்தம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நேராகப் பார்த்தார். மனைவி உதடுகளை இறுக்கி மூடியிருந்தார், வாயின் இரு முனைகளும் கீழ்நோக்கி இழுபட்டு நடுங்கின, கண்கள் நிறைந்திருந்தன.

மெக்கானிக் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். மூடி விழுந்த அந்த நாளில், தலைகீழாகத் தொங்கியவர் அவர்தான்.

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னியா?"

"அழற நெலமைன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!"

"சொன்ன. நான்தான் கேக்கலை." திரும்பித் திரையில் தொங்கிய செடியைப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமே சிரிக்கலையா?"

"அப்படித்தான் தெரியுது."

"ரெண்டு பேரும் இன்னொருத்தர் சிரிச்சதா நெனச்சுத்தான் சிரிச்சோமா?"

கட்டக்கா கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் எழுந்து வந்து, அந்தத் துணிகளை வாங்கிக் கட்டிலில் போட்டார். பிறகு மடங்காத அந்தக் கட்டை விரலால், அவர் துடைக்காமல் விட்ட இடத்தைத் துடைத்தார். கட்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அவருக்கும் வந்தது.

மாலையில் தங்கை வரும்வரை ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்திருந்தார்கள். அவர் வந்து திரையைப் பார்த்தார்; இருவரையும் பார்த்தார். "கடைசியில யாரு ஜெயிச்சது?" என்றார்.

"தெரியாது போ," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். உறைந்திருந்த செடி உயிர்பெற்றது. விளக்குக்காரன் நகரவில்லை, அவர் அவனை நகர்த்தவில்லை. செடி சிரித்தபடியே ஒரு விதையைத் துப்பியது. கடைசி உயிரும் போயிற்று.

அவர் குறிப்பேட்டை எடுத்து, அன்றைய தேதியை எழுதி, அடுத்த பத்தியில் 'ஆறாம் நிலை, கூரைச் செடி' என்று எழுதினார். கண்ட பழுது என்ற பத்திக்கு வந்ததும் கட்டக்காவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வேலையில் இருந்த நாளில் எழுதுவதுபோலவே நிறுத்தி எழுதினார்: பழுது ஒன்றும் இல்லை.